ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் பார்த்த நாலு பெட்டி

மணாலி, கொடைக்கானல் என்று மலை ஏறுகிறவர்கள் ஏறட்டும். கூடுவாஞ்சேரியிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர் போய் நான் பார்த்துவிட்டு வந்ததை அவர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். போன சனிக்கிழமை, என் தங்கச்சி மகள் ரஹ்மத் ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பேசினாள். ஹெபடைடிஸ் பி என்கிற கல்லீரல் கிருமி ஊருக்குள் எப்படிப் பரவும், எப்படி நிறுத்தலாம் என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டும் படிப்பு அவளுடையது. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன் (அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அவர்களிடம் ஒன்றும் இல்லை). ஆனாலும் போக ஒரு காரணம் இருந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் நஸ்ரீனின் ரத்தத்தில் அதே கிருமி இருப்பதாக டெஸ்ட் சொல்லியிருந்தது. பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லாமல் இருந்தாள்.

காலை 8.52 லோக்கல் ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். பெருங்களத்தூரில் ஏறிய கூட்டம் என்னைத் தூக்கியே பிடித்திருந்தது. தாம்பரம் வரை என் கால் தரையில் படவில்லை. 9.20க்கு இறங்கி, கிழக்குப் பக்கம் வந்து ஷேர் ஆட்டோ.

"ராஜகீழ்ப்பாக்கம் எவ்ளோப்பா?"

"இருவது ரூபா. குந்து பெர்சு. இன்னா, சென்ட்டு தூக்கலா கீது, கல்யாணமா?"

"காலேஜ்ல லெக்சர் கேக்கப் போறேன்."

"இந்த வயசுலயா? பெயிலாயிடாத பெர்சு!"

அரங்கில் ஆயிரம் பேர். சரி, நாற்காலி நாற்பதுதான், அதிலும் முன்வரிசை காலி. நான் அங்கே போய் உட்கார்ந்தேன். ரஹ்மத் திரையில் நாலு பெட்டி போட்டாள். கிருமி வரக்கூடியவர்கள், புதிதாக வந்தவர்கள், ஆயுசு முழுக்கச் சுமப்பவர்கள், பாதுகாப்பு பெற்றவர்கள். பெட்டிக்குப் பெட்டி அம்புக்கோடு, கோட்டுக்குக் கோடு ஒரு எண். ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற அத்தனை ஜனமும் அந்த நாலு பெட்டிக்குள் அடங்கிவிட்டது! ஒரு பட்டனைத் தட்டினாள். வரப்போகிற நாற்பது வருடம் திரையில் மூன்று விநாடியில் ஓடியது. ஹெலிகாப்டரிலிருந்து கடலையே பார்த்தவன் நான் (கிட்டத்தட்ட). ஆனால் இன்னும் பிறக்காத ஜனங்கள் ஒரு கோடாக எழும்பி வருவதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

எழுந்து கேட்டேன்: "ஏம்மா, இதுல தட்டுக்கு எந்தக் கோடு?"

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை நாலு பேர் ஒரே பெரிய தட்டில் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்குச் சகன் என்று பெயர். டெஸ்ட் வந்த மறுநாளே நஸ்ரீனுக்குத் தனித் தட்டும் டம்ளரும் வாங்கி, மாறிவிடாமல் இருக்க அவள் பெயரையும் வெட்டி வைத்திருந்தேன். பெரிய பந்தோபஸ்து செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

"தட்டுக்குக் கோடே இல்ல மாமா. சேர்ந்து சாப்பிட்டா இது வராது."

"எச்சில்?"

"வராது. ரத்தம், ஊசி, பிளேடு, புருஷன் பொண்டாட்டி, எல்லாத்துக்கும் கோடு போட்டிருக்கேன். தட்டு நீங்களா போட்டது."

அரங்கமே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். அப்புறம் நஸ்ரீன் மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட வெள்ளிக்கிழமைகள் ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்து தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் கோட்டைக் காட்டினாள். படத்திலேயே தடிமனான கோடு அதுதான். பிறக்கும்போது வாங்கிக்கொள்கிற பிள்ளைகள் பெரும்பாலும் ஆயுசு முழுக்கச் சுமக்கும் பெட்டிக்கே போகிறார்களாம். பிறந்தவுடன் போடும் ஊசியைக் கணக்கில் சேர்த்தாள். அந்தக் கோடு நூலாக மெலிந்தது. கிருமியைச் சுமப்பவர்களின் எண்ணிக்கையாக ஏறிக்கொண்டே போன வளைவு வருடங்கள் போகப் போகத் தலை குனிந்து இறங்கியது. நான் கைதட்டினேன். தனியாகத்தான்.

வெளியே டீ குடிக்கும்போது ரஹ்மத் கேட்டாள். "பொறந்து இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள ரெண்டு ஊசி மாமா. தடுப்பூசி ஒன்னு, கிருமிய உடனே தடுக்கற இம்யூனோகுளோபுலின் ஒன்னு. ரெண்டாவது உங்க ஆஸ்பத்திரில இருக்கான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. வீடே சேர்ந்து தட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தோம்.

பஸ், ரயில் எதற்கும் காத்திருக்கவில்லை. ஆட்டோவில் நேராகக் கூடுவாஞ்சேரி ஆஸ்பத்திரி, ஐந்நூற்று ஐம்பது ரூபாய். "ரெண்டாவது ஊசி சொல்லி வெச்சாதான் சார் வரும்" என்றார் சிஸ்டர். "இப்பவே சொல்லியாச்சு" என்றேன். விலை ஐயாயிரத்து எண்ணூறு. திங்கள் மாலைதான் வந்து சேர்ந்தது.

அன்று சனிக்கிழமை என்றாலும் வீட்டில் சகன் வைக்கச் சொன்னேன்.

"அத்தா, டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் நஸ்ரீன்.

"அதுக்கும் மேல, கணக்குகிட்டயே கேட்டுட்டேன். உட்காரும்மா."

கொஞ்ச நேரம் கையை நனைக்காமல் இருந்தாள். அப்புறம் என் பக்கத்திலிருந்த கறித்துண்டை எடுத்துக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு: இந்த மாதிரிப் பேச்சுக்கு முன்வரிசையில் உட்காருங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். வீட்டில் இப்படி டெஸ்ட் வந்திருந்தால் பிரசவத்துக்கு வாரக்கணக்கில் முன்பே இரண்டு ஊசியையும் விசாரியுங்கள். என்னைப் போலக் கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

செவ்வாய் காலை 6.10க்குப் பேத்தி பிறந்தாள். எட்டு மணிக்குள் இரண்டு தொடையிலும் ஊசி. மீதித் தவணைகளையும், ஒரு வயதை ஒட்டி எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையையும் சிஸ்டர் எழுதித் தந்திருக்கிறார். முடிவு அப்போதுதான் தெரியும். அதை என்னாலேயே முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் முதல் ஊசி இறங்கியபோது அவள் போட்ட சத்தம் செங்கல்பட்டு வரைக்கும் கேட்டது. இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.