மீதி எங்கக்கா போச்சு?

மருந்துக் கடை வேலைக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். கருத்தடை மாத்திரையை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பெங்களூரு மர்பி டவுனில் ஒன்பது வருஷமாகக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறேன். என்னைப்போல் நின்று நின்றே கால் வீங்கிய சகோதரிகளுக்கு இதெல்லாம் தெரிந்த கதைதான்.

பழுப்பு ஏழு

அட்டையில் வெள்ளை மாத்திரை இருபத்தொன்று, பழுப்பு ஏழு. பழுப்பு வெறும் இரும்புச்சத்து. அதைச் சாப்பிடும் வாரத்தில்தான் மாதவிலக்கு வரும். வீட்டு வேலை செய்யும் சரோஜா ஒருநாள் வந்து, புது அட்டையை என்றைக்கு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றார். பழுப்பு தீர்ந்த மறுநாள்தான் என்றேன். பழுப்பை அவர் சாப்பிடவே இல்லையாம்.

"ரத்தம் ஊறுற மாத்திரைன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க மாமியாருக்கு ரத்தம் கம்மி, அவங்களுக்குக் குடுத்துட்டேன்."

என் சீட்டு

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். மாதவிலக்கு நாற்பது நாளுக்கு ஒரு தரம், எழுபது நாளுக்கு ஒரு தரம், அதன் இஷ்டம். தள்ளிப்போகும் ஒவ்வொரு தடவையும் குழந்தைக்குப் பெயர்வரைக்கும் யோசித்து ஏமாந்திருக்கிறேன். குழந்தை வேண்டும் என்று போன எனக்கு டாக்டர், முதலில் ஒழுங்காக வரட்டும் என்று, மூன்று மாதத்துக்கு இதே மாத்திரையை எழுதினார். சீட்டைப் பார்த்த முதலாளி ரமேஷ் அண்ணன் நல்ல மனுஷர். குரலைத் தணித்துத்தான் கேட்டார்.

"ஏம்மா, குழந்தை இப்ப வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

ரெண்டு சொட்டு

செல்வி பீன்யா கார்மென்ட்ஸில் தையல் மெஷின் ஓட்டுகிறாள், இரண்டு பிள்ளைகள். மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் மாதம் முகம் வெளிறி வந்தாள். கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிக் கட்டியாகிவிடும் என்று பக்கத்து மெஷின்காரி பயமுறுத்தியிருக்கிறாள். மாத்திரை சாப்பிட்டால் கர்ப்பப்பையின் உள்சுவர் மெலிசாகத்தான் வளரும், அதனால் வெளியேறவும் கொஞ்சம்தான் இருக்கும், உள்ளே எதுவும் தங்காது என்றேன். அந்தக் கடைசி வார்த்தை என் காதிலும் விழுந்தது. அவள் விடவில்லை.

"முன்னெல்லாம் அஞ்சு நாளு. இப்ப ரெண்டு சொட்டு. மீதி எங்கக்கா போச்சு?"

ஒரே பெட்டி

மாத்திரை தின்ற மூன்று மாதமும் எனக்குச் சொல்லிவைத்தாற்போல் வந்தது. நிறுத்தினேன். முப்பத்தாறு நாளாகியும் வரவில்லை. அன்றைக்குப் பார்த்து செல்வி வந்தாள். கல்யாண வீட்டு அலைச்சலில் மூன்று நாள் மாத்திரையை மறந்துவிட்டாளாம். இந்த மாதம் அந்த ரெண்டு சொட்டும் இல்லை. இன்னொரு பிள்ளையை எப்படி வளர்ப்பேன் என்று கண் கலங்கினாள். விலைக்குக் கிடைக்குமென்றால் அவளுடைய பயத்தை நான் வாங்கியிருப்பேன். கர்ப்பம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன்; இரண்டு கோடு வந்தால் பிள்ளை. அதே பெட்டியிலிருந்து எனக்கும் ஒன்று எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை என்னுடையதில் ஒரே கோடு. முகம் கழுவிக்கொண்டு கடைக்கு வந்தேன். ஷட்டரைத் தூக்கும்போதே செல்வி ஸ்வீட் டப்பாவோடு நின்றிருந்தாள்.

"ஒரே கோடுதான்கா, சாமி காப்பாத்திருச்சு. மொதல்ல வாயத் தொறங்க."

ஒரே பெட்டியில் வந்த இரண்டு கிட், இரண்டிலும் ஒரே கோடு. மைசூர்பாக்கு மட்டும், சும்மா சொல்லக் கூடாது, சுத்த நெய்.