டோனாட்ரிக்ஸ்

கொச்சி மட்டாஞ்சேரியில் வெங்கிடராமனின் பத்திர ஆபீசில் சங்கரி ஆறு வருடமாக டைப்பிஸ்ட். தேனிப் பக்கத்துக்காரி. ஆங்கிலத் தானப் பத்திரம் என்றால், கொடுப்பவர் ஆணாக இருந்தால் ‘டோனர்’, பெண்ணாக இருந்தால் ‘டோனாட்ரிக்ஸ்’ என்று அடிக்க வேண்டும் என்பது வெங்கிடராமனின் பிடிவாதம்.

ஒரு மத்தியானம் மாயம்மாள் வந்தாள். கிடங்குகளில் மிளகு புடைப்பவள், அறுபது வயதிருக்கும். வாசல் தூணை இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கிடங்குச் சந்தில் தனக்கிருந்த ஒற்றை அறையைத் தானமாகக் கொடுத்துவிட வேண்டுமாம்.

சங்கரி பழைய பத்திரங்களைப் புரட்டினாள். அறை நான்கு கை மாறியிருந்தது. எல்லோரும் பெண்கள். ஒருவருக்கொருவர் உறவே இல்லை.

“யாருக்கும்மா எழுதணும்?”

“உன் பேரு என்னா மோளே?”

“சங்கரி. ஏன்?”

“அதையே எழுது.”

சங்கரி சிரித்தாள். மாயம்மாள் சிரிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவள், பழைய பத்திரத்தில் ‘டோனாட்ரிக்ஸ்’ என்ற சொல்லின்மேல் மட்டும் சரியாக விரல் வைத்தாள்.

“இந்த வார்த்தை என் பேரோட சேரணும். முன்னாடி ஒருத்திக்குக் குடுக்கப் பாத்தேன், அந்த ஆபீசுல டோனர்னு அடிச்சுட்டாங்க. அறை என்னை விடல. பத்தொம்பது வருஷமா ராத்திரி வேற எங்கயும் தங்க முடியல. ஆலுவா வரைக்கும் போனேன், மூச்சு நின்னுபோச்சு.”

சங்கரி பத்திரத்தை அவள் பக்கம் தள்ளினாள். “எனக்கு வேண்டாம்மா.”

மறுவாரம் மாயம்மாள் வசந்தியோடு வந்தாள். வசந்தி மார்க்கெட்டில் மீன் விற்பவள், இருபத்தெட்டு வயது, மூன்று பேரோடு ஒரு தகரக் கொட்டகையில் இருந்தாள். சங்கரி அவளைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“சொந்தமா ஒரு அறை சேச்சி. எனக்கு வேற யாரு தருவா?”

சங்கரி வெங்கிடராமனைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அடிம்மா” என்றார். டோனாட்ரிக்ஸ் என்றே அடித்தாள்.

பத்திரம் பதிவான அன்றே மாயம்மாள் வைட்டிலாவில் மதுரை பஸ் ஏறினாள். திரும்பவே இல்லை. சுகமாக இருப்பதாக ஒரு முறை போன் வந்தது.

ஓணத்துக்கு வசந்தி ஊருக்குப் போகவில்லை. மீன் கூடையும் மார்க்கெட்டுக்கு வரவில்லை. சங்கரி சந்துக்குள் போய்ப் பார்த்தாள். பட்டப்பகலில் வசந்தி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

“அம்மாவைப் பாக்கப் போகலையா?”

“படி தாண்டினா காலு மரத்துப்போகுது சேச்சி. மாயம்மா சந்தைவரைக்குமாவது போனாங்க. என்னை அதுக்கும் விடல.”

அன்றிலிருந்து சங்கரி தினமும் சோறு கொண்டுபோகிறாள். சந்திலேயே உட்கார்ந்து, வசந்தி சாப்பிட்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டிருக்கிறாள். “உள்ள வா சேச்சி” என்று வசந்தி தினமும் கூப்பிடுகிறாள். சில நாள் அந்தக் குரல் வசந்தியுடையது போலவே இல்லை.