பதினொரு பெயர்ச்சீட்டுகள்

சொன்னவர் நம்பித்தான் சொன்னார். ஆனால் சொன்னது பொய்யாகிப் போனது. அதைக் கேட்டு நடந்த இருபத்தைந்து பேருக்கு அவர் யார்? ஏமாற்றப்பட்டவரா, ஏமாற்றியவரா? பொனிபஸைத் தெரிந்தவர்கள் இதற்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் பதில்களில் எனக்கு நம்பிக்கை குறைவு.

பொனிபஸுக்கு ஐம்பத்து மூன்று வயது. மன்னார் பேசாலைக்காரர். மெல்பேர்னின் கிழக்கில் ரோவிலில் வீடு, மேற்கில் ட்ருகனினாவில் வேலை. உறைந்த உணவுப் பெட்டிகளை அடுக்கும் குளிர்க் களஞ்சியம் ஒன்றில் பதினான்கு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவரோடு சேர்த்து அங்கே இருபத்தாறு பேர், பெரும்பாலும் தமிழர்கள். நிர்வாகத்தோடு பேசுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த ஆள் பொனிபஸ். அவர் கெட்டிக்காரர் என்பதற்காக அல்ல. கேட்டு வந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவார், அதற்காக.

அவரது காரில் ஒன்பது வருடமாகத் தினமும் கூட வந்தவர் கிறிஸ்ரியன். அதே மன்னார்க் கரை, அதே ரோவில், இரண்டு தெரு தள்ளி வீடு. வயதில் ஆறு குறைவு, வேலையில் ஒரு படி மேல்: ஷிஃப்ட் மனேஜர். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். கிறிஸ்ரியனுக்கும் றொஷானிக்கும் நெடுங்காலம் காத்திருந்து ஒரு பெண் குழந்தை பிறந்தபோது, "ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையின்ர ஞானத்தகப்பன் நீங்கள்தான் அண்ணை" என்று கேட்டதும் அந்தக் காரில்தான். நாற்பது நாள் நோன்பான தபசுக்காலம் வந்துவிட்டதால் ஞானஸ்நானத்தை உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வைப்பதென்று முடிவானது.

அந்த வருடம் கம்பனி, பெட்டிகளைத் தானாகவே எடுத்து அடுக்கும் ஜப்பானிய இயந்திரங்களை வாங்கத் தீர்மானித்தது. அதற்காகத் தொழிலாளர்கள் ஒரு புதிய ஒப்பந்தத்துக்கு வாக்களிக்க வேண்டியிருந்தது. வாக்கெடுப்புக்கு முதல்நாள், வெஸ்ட்கேற் பாலத்தில் கார் நெரிசலில் நின்றபோது பொனிபஸ் கேட்டார்.

"உண்மையைச் சொல்லு கிறிஸ்ரி. எத்தினை பேர் வீட்ட போகவேணும்?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. மெஷின் வந்தா வேலை லேசு, அவ்வளவுதான். உங்களுக்கு நான் பொய் சொல்லுவனோ?"

இதை அப்படியே தேநீர் அறையில் போய்ச் சொன்னார் பொனிபஸ். யூனியன்காரரைக் கூப்பிட்டுக் கேட்போம் என்றிருந்தவர்கள்கூட அதற்குப் பிறகு பேசவில்லை. எல்லோரும் ஓம் என்று வாக்களித்தார்கள்.

மார்ச்சில் மூன்று பேர் பயிற்சிக்கு ஜப்பான் போனார்கள்: பொனிபஸ், கிறிஸ்ரியன், திட்டப் பொறியியலாளர் ஹரிப்பிரியா. ஹரிப்பிரியா கோயம்புத்தூர்ப் பெண். ஞாயிற்றுக்கிழமை, இயந்திரக் கம்பனியைச் சேர்ந்த மொரிதா என்பவர் அவர்களை ஹக்கோனே எரிமலைப் பகுதிக்குச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனார். தொங்குவண்டியில் ஏறி ஓவகுதானி பள்ளத்தாக்கில் இறங்கினால், மரமில்லாத மஞ்சள் சரிவு, பாறை வெடிப்புகளிலிருந்து புகை, கந்தக நாற்றம்.

"அண்ணை, சப்பாத்தைக் கழட்டினீங்களோ?" என்றார் கிறிஸ்ரியன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"நரகத்தின்ர வாசல் இப்பிடித்தான் மணக்கும் எண்டு பிரசங்கத்தில சுவாமி சொன்னவர். நீ முன்னுக்கு நட."

ஹரிப்பிரியா சிரித்து ஓயவில்லை. "ரெண்டு பேரும் கார்லயும் இப்படித்தானா?"

"காரில இதைவிட மோசம் பிள்ளை."

அங்கே வெந்நீர் ஊற்றில் அவித்த முட்டை விற்கிறார்கள். ஓடு கரிக்கட்டை போலக் கறுப்பு. ஒன்று சாப்பிட்டால் ஆயுள் ஏழு வருடம் கூடுமாம். பொனிபஸ் தபசுக்காலத்தில் இறைச்சியும் முட்டையும் தொடமாட்டார்.

"ஏழு வருசம் சும்மா குடுக்கிறாங்கள். தபசு எண்டு சொல்லி அதையும் விடப்போறியளோ?" கிறிஸ்ரியன் ஒரு முட்டையை அவருடைய ஜக்கெற் பைக்குள் போட்டுவிட்டார்.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் மொரிதா எழுந்து, ஒரு பெட்டியை இரண்டு கைகளாலும் பொனிபஸிடம் நீட்டினார். தங்கள் ஊரில் பயணம் போகிறவர் தன்னோடு வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு பலகாரமாவது கொண்டுபோக வேண்டும் என்றார். இயந்திரங்கள் வந்த பிறகு களஞ்சியத்தில் வேலை செய்யப்போகிறவர்களின் பெயர்களைக் கிறிஸ்ரியனிடம் கேட்டு வாங்கித் தன் கையாலேயே எழுதியிருப்பதாக ஆங்கிலத்தில் சொன்னார். உள்ளே பயற்றம் பணியாரம் போல ஏதோ ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, தூரிகையால் எழுதிய ஆங்கில எழுத்து.

பொனிபஸ் சந்தோஷத்தோடுதான் வாசிக்கத் தொடங்கினார். தன் பெயரைக் கண்டு சிரித்தார். பிறகு மற்றச் சீட்டுகளைப் புரட்டினார்.

"எங்கட வாசுதேவன்ர பேர் இல்லை. ஈஸ்வரமூர்த்தியின்ரையும் இல்லை. மறந்துபோனாரோ?"

அவர் கேட்டதை ஹரிப்பிரியா ஆங்கிலத்தில் சொன்னார். பிழை தன்னுடையது என்று நினைத்து மொரிதாவின் முகம் வெளிறிப்போனது. அவசரமாகத் தொலைபேசியை எடுத்து, கிறிஸ்ரியன் அனுப்பிய செய்தியைப் பொனிபஸுக்கே காட்டினார். பதினொரு பெயர்கள். திகதி பெப்ரவரி இரண்டு. வாக்கெடுப்பு நடந்தது பெப்ரவரி இருபது.

"அண்ணா, லிஸ்ட் ஜனவரியிலேயே ஃபைனல் ஆயிடுச்சே," என்றார் ஹரிப்பிரியா மெதுவாக. "உங்களுக்குத் தெரியும்னுதான் நான்…"

"கீழ போய்க் கதைப்பம் அண்ணை," என்றார் கிறிஸ்ரியன். கையில் இருந்த முட்டையின் ஓட்டை அவர் உரித்துக்கொண்டே இருந்தார். உரிக்க இனி ஒன்றும் இருக்கவில்லை.

இறங்கும் தொங்குவண்டியில் அவர்கள் இருவர் மட்டும். மற்ற இருவரும் அடுத்த வண்டிக்கு நின்றுவிட்டார்கள்.

"சொன்னா என்ர வேலை போயிருக்கும். உங்கட பேரைச் சேர்த்ததும் நான்தான். வயசு கூட எண்டு மேல இருக்கிறவங்கள் விட்டிட்டாங்கள். நான் சண்டை பிடிச்சுப் போட்டனான்."

பொனிபஸ் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டரைக் கிழமை," என்றார் கடைசியில். "அந்த லிஸ்டை அனுப்பிப்போட்டு ரெண்டரைக் கிழமை பக்கத்துச் சீற்றில இருந்து வந்தனீ."



முட்டையை ஹோட்டல் அறையில் விட்டுவிட்டார். பெட்டியை விடவில்லை. மெல்பேர்ன் விமான நிலையத்தில் உணவுப் பொருள் என்று எழுதிக் கொடுத்து, திறந்து காட்டி, கொண்டுவந்தார். அடுத்தநாள் தேநீர் அறையில் எல்லோர் முன்னாலும் பதினொரு சீட்டுகளையும் வாசித்தார்.

"நான் சொன்னது பொய். எனக்கு அப்ப தெரியாது. ஆனா சொன்னது நான்தான்."

திருநெல்வேலிக்காரர் வாசுதேவன் மட்டும் கேட்டார்: "உங்க பேரு இருக்கா அண்ணே?"

"இருக்கு."

"அப்ப சரி. எடுத்துக்கோங்க, இனிப்பு கெட்டுப்போயிடும்."

பிறகு யூனியன்காரர் வந்தார். ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது, காலம் தாழ்ந்துவிட்டது என்றார். பதினைந்து பேர் வீட்டுக்குப் போனார்கள். பொனிபஸ் போகவில்லை, இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார். அவர் விலகியிருந்தால் பதினைந்தில் ஒருவருக்கும் வேலை திரும்பியிருக்காது. இது உண்மை. ஆனால் உண்மைகள் சில நேரம் வசதியாகவும் அமைந்துவிடுகின்றன. எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னதை மட்டும் நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

கிறிஸ்ரியனோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு நின்றது. அதிகாலைகளில் கார் கிறிஸ்ரியனின் வாசலில் நிற்காமல் போனது. ஞானத்தகப்பனாக நிற்க றொஷானி தன் தமையனை சிட்னி டூங்கபியிலிருந்து வரச் சொல்லிவிட்டாள்.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிந்திய மூன்றாம் ஞாயிறு ஞானஸ்நானம். பொனிபஸ் வெள்ளைச் சட்டை போட்டு, மனைவி அன்னமலரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். நேரே ஞானஸ்நானத் தொட்டியடிக்குப் போய், கையை நீட்டினார். றொஷானியின் தமையன் ஒன்றும் புரியாமல், ஞானத்தகப்பன் பிடிக்கும் மெழுகுதிரியைக் கொடுத்துவிட்டு விலகினார். கிறிஸ்ரியன் தலை நிமிரவில்லை. பிள்ளைக்காகப் பசாசையும் அதன் பொய்களையும் விட்டுவிடுகிறீர்களா என்று சுவாமி கேட்க, "விட்டுவிடுகிறேன்" என்று பொனிபஸ் உரக்கச் சொன்னார்.

இதைக் கேள்விப்பட்ட பதினைந்து பேரில் பலர், இருவரும் முதலிலிருந்தே கூட்டு என்று முடிவுகட்டினார்கள்.

"ஏனப்பா?" என்று திரும்பும் வழியில் அன்னமலர் கேட்டார். "அவன் செய்ததுக்குப் பிறகும்?"

"பெல்ட்டைப் போடும்," என்றார் பொனிபஸ்.

மறுநாள் விடியற்காலை, கிறிஸ்ரியன் சாப்பாட்டுப் பையோடு வாசலில் வந்து நின்றார். கார் வந்தது. வேகம் குறையாமல் தாண்டிப் போனது.