பக்கத்தின் அடியில் என் பெயர்

காலை 9.40. தி. நகரில் அந்த ஜவுளிக்கடையின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. இடுக்கில் முதலில் தெரிந்தவை கால்கள். ஒரே நிறச் சேலை கட்டிய விற்பனைப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். உட்கார ஸ்டூல்கள் உண்டு. அவற்றில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கடையின் இணையதளத்தைச் செய்தவன் நான். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ‘உருவாக்கம்’ என்றும் அதை ஒட்டி என் பெயரும் இருந்தன. பெயரைத் தொட்டால் என் சொந்தத் தளம் திறக்கும். அன்று காலை மயிலாப்பூரில் பஸ் ஏறியபோது பார்த்தேன். அந்த வரியைக் காணோம். மதியம் மூன்று மணிக்கு அடையாறில் எனக்கு நேர்முகத் தேர்வு.

என் தளத்தில் நான் காட்டியிருந்த மற்றவையெல்லாம் கால்குலேட்டர், வானிலை வகையறா. வேலை தேடுகிற எல்லோரும் செய்து போடுகிறவை. தேர்வு நடத்தும் அடையாறு அம்மாள் போனிலேயே சொல்லியிருந்தார்: “இதெல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கு. நிஜமா ஜனங்க யூஸ் பண்றது, உங்க பேரோட ஒண்ணு காட்டுங்க.” அப்படி என்னிடம் இருந்தது இந்தக் கடை ஒன்றுதான். தளத்தின் நிரல், அந்தக் ‘கோட்’, ஒரு பிரதி என்னிடம் இருந்தது. வேலை முடிந்ததும் கொடுத்ததால் கடையிடமும் இருந்தது, கடவுச்சொல்லோடு; அதை வைத்து யார் செய்தது என்று நிரூபிக்க முடியாது.

“இன்னா சார், இன்னும் போணியே ஆவல. அதுக்குள்ள மூஞ்சிய இப்டி வச்சிகினு வர்றே?” என்றார் வாட்ச்மேன்.

முதலாளி கல்லாவுக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். நெல்லைக்காரர். பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் அவருடைய அக்கா மகன், புதுச் சட்டையில்.

“என் பேரை யார் எடுத்தது?”

“நான்தான் எடுக்கச் சொன்னேன் தம்பி. இவனுக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கோம். சைட்டு மாப்ள செஞ்சதுன்னு பொண்ணு வீட்ல சொல்லியாச்சு. அடியில ஒங்க பேரு கெடந்தா என்ன நெனப்பாவ?”

“எனக்கு இன்னிக்கு இன்டர்வியூ.”

“அதுக்கு என் கடைதான் கெடச்சுதா?”

“நீங்க தைக்கிற ஒவ்வொரு ஜாக்கெட்டுலயும் கழுத்துல லேபிள் வைக்கிறீங்களே?”

“அதுல தச்சவன் பேரா கெடக்கு? கடை பேருல்லா கெடக்கு.” சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தார். “போணி நேரத்துல வம்பு வளக்காதயும். வெளிய போம்வே.”

மருமகன் சிரித்தான். “அண்ணே, வேற கடை புடிங்கண்ணே.”

போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். திரையில் கடையின் பக்கம், அடிவரை தள்ளியபடி இருந்தது. என் கட்டைவிரல் அங்கிருந்த வெற்றிடத்தில் அழுந்தியது. நீலப் பட்டை ஒன்று விரிந்தது. அதற்குள் என் பெயர்.

அவன் வரியை நீக்கியிருக்கவில்லை. இணைப்பைக் கழற்றிவிட்டு, எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்கியிருந்தான். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து. விரல் வைத்து அழுத்தினால் தெரியும். மூன்று மணிக்கு அடையாறிலும் அப்படிக் காட்டலாம்.

அதைக் கவனித்தவன் நான் மட்டும்தான். போனை முதலாளியிடம் திருப்பிக் காட்டினேன்.

“பாருங்க உங்க மாப்ளைய. ஒரு வரிய அழிக்கத் தெரியல, சைட்டு செஞ்சாராம்.”

வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி கண்ணாடி மாட்டி, என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“ஏல, என்ன இது?”

“கலர மாத்துனேன் மாமா.”

“பேர எடுலேன்னா, வெள்ளையடிச்சா வச்சிருக்க?”

மருமகன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நான் வெளியே வந்தேன்.

“போணி ஆச்சா சார்?” என்றார் வாட்ச்மேன்.

அடையாறு பஸ்ஸில் பக்கத்தைப் புதிதாகத் திறந்து, அதே இடத்தில் அழுத்திப் பார்த்தேன். நீலம் வரவில்லை. இன்னொரு முறை அழுத்தினேன்.

மூன்று மணிக்கு அந்த அம்மாள் தன் லேப்டாப்பில் என் தளத்தைத் திறந்தார். கால்குலேட்டரைத் தாண்டினார். வானிலையைத் தாண்டினார். கடையின் இணைப்பைச் சொடுக்கி, சேலைகளை நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே அடிக்குப் போனார்.

“உருவாக்கம்னு ஒரு பேர் போட்டிருக்கே. இது யாரு?”

அது மருமகனின் பெயர். எழுத்து கறுப்பாக இருந்தது.