நிறையாத தொட்டிகள்

செப்டிக் டேங்கின் மூடியைத் திறப்பதற்கு முன் இசக்கியப்பன் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பார். போன வருஷம்தான் எடுத்தோம் என்பார்கள். துணி, பஞ்சு எதுவும் உள்ளே போவதில்லை என்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். பிறகு நீளக் கம்பை உள்ளே விட்டு எடுத்து, சகதி எதுவரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். ஆள் சொன்னதும் கம்பு சொன்னதும் ஒத்துப்போன வீடுகள் குறைவு.

தென்காசியில் சொந்தமாக ஒரு கழிவுநீர் லாரி வைத்திருந்தார். சீசன் மாதங்களில் குற்றாலத்து விடுதிகள் கூப்பிடும். மற்ற நாட்களில் சுற்றுப்பட்டு ஊர்களின் வீடுகள். ஆளைத் தொட்டிக்குள் இறக்க மாட்டார். அடியில் இறுகிக் கிடப்பதைத் தண்ணீர் அடித்துக் கரைத்து உறிஞ்சுவார். கரையாவிட்டால் மறுநாள் வருவார். ஆளை இறக்கச் சொன்ன வீடுகளுக்கு மறுபடி போனதில்லை.

நிறைந்து வழியும் தொட்டியில் அவருக்குச் சந்தேகம் கிடையாது. நிறையாத தொட்டியில்தான் சந்தேகம். பதினாலு வருஷமாக மூடியைத் திறந்ததில்லை என்று பெருமையாகச் சொல்பவர்களிடம், கிணறு எங்கே இருக்கிறது என்று கேட்பார். அந்தக் கேள்வி யாருக்கும் பிடிப்பதில்லை. வேலை பிடிக்கப் பார்க்கிறான் என்பார்கள். அது முழுக்கப் பொய்யும் அல்ல.

சாரல் தொடங்கிய வாரத்தில் குத்துக்கல்வலசையிலிருந்து முத்துவடிவு போன் செய்தாள். கணவன் இறந்தபின் இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கிறவள். மழை பெய்தால் கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது என்றாள். மாவுக்கும் அந்தத் தண்ணீர்தான். இதுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் சொல்லிவிட்டால் தெருவே பாத்திரத்தை எடுத்து வருவதை நிறுத்திவிடும். லாரியில் வர வேண்டாம் என்றாள். அவர் பைக்கில் போனார்.

அந்தத் தெரு அவருக்குத் தெரிந்த இடம். மனைகளாவதற்கு முன் அவர் அப்பா அங்கே நெல் போட்டிருந்தார். முத்துவடிவின் வீடு நிற்பது கீழ் வயலில். பக்கத்து வீட்டுப் பால்வண்ணநாதன் கட்டியிருப்பது மேல் வயலில். வரப்பில் மடை திறந்தால் மேலே நிற்கும் தண்ணீர் கீழே இறங்கும். வீடு கட்டியதால் அடிமண்ணின் சரிவு மாறிவிடாது என்று இசக்கியப்பன் நினைத்தார்.

முத்துவடிவின் எண்ணமும் அதுதான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அவுக தொட்டி பதினாலு வருஷமா நிறையலையாம் அண்ணாச்சி. எப்படி நிறையும்? எல்லாம் எங்கிணத்துக்குல்லா வருது."

அவள் தொட்டியைப் பற்றியும் கேட்டார். கட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் தம்பி சுப்பு கொத்தனார், அவனே நின்று கட்டியது. ஒரு தடவைகூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. வேறு வீடாக இருந்தால் அந்த இடத்தில் அடுத்த கேள்வி கேட்டிருப்பார். மனதில் வயலின் சரிவு இருந்ததால் கேட்கவில்லை.

பால்வண்ணநாதன் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டைத் திறக்காமலே பேசினார்.

"எந்தொட்டியில ஓட்டைன்னு எப்படிவே கண்டீரு? மோந்து பாத்தீரா?"

"இல்ல அண்ணாச்சி. பாக்கத்தான் கேக்கேன்."

"இன்னைக்குப் பாக்கணும்பீரு. நாளைக்கு எடுக்கணும்பீரு. லாரி உம்மதுதான?"

இசக்கியப்பன் சாயப்பொடியைப் பற்றிச் சொன்னார். கழிப்பறையில் கரைத்து ஊற்றிவிட்டால் போதும். தொட்டி கசிந்தால் கிணற்றில் நிறம் தெரியும். பால்வண்ணநாதன் யோசித்தார்.

"எனக்கு மட்டும் ஊத்துனா அது என்ன நியாயம்? எனக்குச் சிவப்பு, அவளுக்குப் பச்சை. ரெண்டையும் ஊத்தும்."

சங்கரன்கோவிலில் தறிக்காரர்களுக்குச் சாயம் விற்கும் கடையில் இரண்டு பொடிகளும் வாங்கி வந்தார். சிவப்பை ஊற்றும்போது முத்துவடிவு பால்வண்ணநாதன் வீட்டுக் கழிப்பறை வாசலில் நின்றாள். பச்சையை ஊற்றும்போது அவர் மனைவி குழல்வாய்மொழி முத்துவடிவின் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். கிணற்றில் நேராகவே எதையாவது கொட்டிவிட்டால் என்ன செய்வது என்று பால்வண்ணநாதன் கிணற்றின் கம்பி மூடிக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியை இசக்கியப்பனிடம் கொடுத்தார். அந்தப் பூட்டை நம்பாமல் முத்துவடிவு தன் பூட்டு ஒன்றையும் போட்டாள்.

பஞ்சாயத்துக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். அதைப் பிடித்து வைத்துப் பாதி அரிசி மட்டும் அரைத்தாள். கேட்டவர்களிடம் கரண்டு சரியில்லை என்றாள்.

இசக்கியப்பன் தினமும் காலையில் வந்து, ஒரு பூட்டைத் தான் திறந்து, மற்றதை முத்துவடிவைத் திறக்கவைத்து, வெள்ளை வாளியில் நீர் இறைத்தார். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் வாளியின் அடியில் இளம் பச்சை தெரிந்தது. வேறொரு வாளியைக் கழுவி மறுபடி இறைத்தார். அதிலும் பச்சைதான்.

பால்வண்ணநாதன் குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "செவப்பு இல்லல்லா?" என்றார். இல்லை என்று இசக்கியப்பன் சொன்னதும், தன் பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று லாரி வாசலுக்கே வந்தது. உறிஞ்ச உறிஞ்சத் தொட்டியில் நீர் ஊறிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். அடியில் செங்கல் உடைசலும் மணலும் கிடந்தன. தரை போடவில்லை.

முத்துவடிவு தம்பிக்குப் போன் செய்தாள். அவன் எதையும் மறைக்கவில்லை. தரை போட்டால் தொட்டி நிறையும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரிக்காரனிடம் நிற்க வேண்டும், அக்காவுக்கு அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் விட்டேன் என்றான்.

"நல்லதுதாம்லே செஞ்சிருக்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

தொட்டிக்குத் தரை போட்டாலும் பல மாதத்துக்கு இந்தக் கிணற்றுத் தண்ணீர் மாவுக்கு ஆகாது என்று இசக்கியப்பன் சொன்னார். முதல் நாளே சரிவை நம்பாமல் கம்பை விட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். 

லாரி வந்ததையும் கிணற்றில் பூட்டுத் தொங்கியதையும் தெரு பார்த்திருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் மாவு வாங்க எட்டுப் பேர்தான் வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் மூன்று பேர்.

அன்று மதியம் அவள் இசக்கியப்பனைக் கூப்பிட்டாள். பின்கட்டில் கிடந்த கிரைண்டரை இருவருமாகத் தூக்கி, வாசல் தகரக் கூரையின் கீழ், குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார்கள். தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மும் வாசலுக்கு வந்தது. அரிசி ஊறுவதும், களைவதும், தண்ணீர் ஊற்றுவதும் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

முதலில் வந்தது குழல்வாய்மொழி. தூக்குச்சட்டியுடன் வந்தவள் உடனே மாவு கேட்கவில்லை. டிரம்மிலிருந்து செம்பில் மொண்டு கிரைண்டரில் ஊற்றும்வரை நின்று, பிறகு சட்டியை நீட்டினாள். இன்னும் இரண்டு பேர் அப்படியே நின்றார்கள்.

இசக்கியப்பன் தனக்கும் ஒரு கிலோ கேட்டார்.

"குழாய்த் தண்ணி அண்ணாச்சி."

"தெரியும் தங்கச்சி," என்றார். அவர் கண் செம்பிலிருந்து டிரம்முக்கும், டிரம்மிலிருந்து குழாய்க்கும் போனது. அதற்குப் பின் கிணற்றுப் பக்கமும் ஒரு தடவை போனது.

முத்துவடிவு அவருக்குப் பார்க்க வசதியாகச் சற்று ஒதுங்கி நின்றாள்.