சுகந்தியின் சீ.வி.யில் நான் வெட்டிய வரி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, போனில் ஒரு பொய் சொன்னேன். பொய் எனக்குப் புதிதல்ல — என் மனைவியைக் கேட்டால் பட்டியலே தருவார். ஆனால் இது அந்த ரகம் இல்லை. அடுத்தவர் சோற்றில் மண்ணைப் போடுகிற ரகம்.

என்னிடம் இங்கிலீஷ் டியூஷன் படித்தவள் சுகந்தி. கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம்; தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவள். ஏ.எல். பரீட்சை முடித்து, நுவரெலியாவில் கம்பியூட்டர் கோர்ஸும் முடித்தாள். கொழும்பில் ஒரு கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டது. ஆபீஸ்களில் கம்பியூட்டர் அடம் பிடித்தால் போன் பண்ணுவார்களாம். எதை அமுக்குவது, எதை அமுக்கக் கூடாது என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

“சேர், என் சீ.வி.ய ஒருக்கா பாத்துக் குடுங்க” என்று வந்தாள்.

பார்த்துக் கொடுத்திருக்கலாம். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

‘அனுபவம்’ என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு விஷயம் எழுதியிருந்தாள். ‘எங்கள் லயத்தில் பதினெட்டு வீட்டாருக்கு மொபைல் போன் பாவிக்கப் பழக்கினேன். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும்.’

“என்னம்மா இது?”

“அனுபவம் சேர். வேற ஒன்னும் இல்லயே.”

“லயம் கியம்னு எழுதினா கொழும்புல சிரிப்பாங்க.”

“ராசாத்தி அக்காவுக்குப் போன்லயே சொல்லிக் குடுத்தேன் சேர். அவங்க கொழுந்து பறிக்கிற மலையில, நான் டவுன்ல. பச்ச பட்டனுக்கு நேர் கீழ, ஒன்னு, ரெண்டுன்னு வெரலால எண்ணச் சொல்லி…”

“அதெல்லாம் ஒரு அனுபவமா?”

வெட்டினேன். அந்த இடத்தில் ‘எக்ஸலண்ட் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ், டைனமிக், டீம் பிளேயர்’ என்று போட்டேன். டைனமிக் என்றால் என்ன சேர் என்று கேட்டாள். எனக்கும் சரியாகத் தெரியாது. “இருக்கட்டும், நல்லதுதான்” என்றேன்.

நம் ஊர் சீ.வி.யின் வாலில் எப்போதும் இரண்டு பெயர் தொங்கும் அல்லவா — விண்ணப்பிப்பவரை அறிந்த, ஆனால் சொந்தக்காரர் அல்லாத இருவர்? விசாரிக்க வேண்டுமென்றால் அவர்களுக்குத்தான் போன் வரும். அதில் ஒருவர் நான்.

ஏன் வெட்டினேன்? நானும் லயத்தில் பிறந்தவன்தான். தொண்ணூறுகளில் வேலை தேடிய காலத்தில், என் பயோடேட்டாவில் ஹட்டன் பஜாரில் ஒரு புடவைக் கடை முகவரியைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அதைப் பார்த்தால் நான் துணி மூட்டைகளுக்கு நடுவே பிறந்தவன் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. கொழும்புக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா, யாழ்ப்பாணப் பேச்சு.

“சுகந்தியைத் தெரியும்தானே? ஒரு விசயம் கேக்கோணும். தங்கட லயத்தில வாசிக்கத் தெரியாத ஆக்களுக்கும் போன் பழக்கினவ எண்டு எழுதியிருக்கிறா. உண்மையோ?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால்… என் திருத்தத்தைக் குப்பையில் போட்டுவிட்டுத் தன்னுடையதையே அனுப்பியிருக்கிறாள். கோபம் வந்தது. கூடவே, அந்த ‘லயம்’ என்ற சொல்லை ஒரு கொழும்பு அம்மா வாயால் கேட்டதும் பழைய வெட்கமும் வந்துவிட்டது.

“அப்படி ஒன்னும் இல்லைங்க” என்றேன். “ஏதோ தவறுதலா வந்திருக்கும்.”

“தவறுதலாவோ? அப்ப பொய்தானே?”

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“சரி, நன்றி.” வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். அவள் ஏன் என் பேச்சைக் கேட்கவில்லை? கேட்காதவளுக்கு நான் ஏன் பொறுப்பு? வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியது யார் என்று கேட்டதும் வக்கீல் கோட்டைக் கழற்றிவிட்டார்.

அந்த அம்மாவுக்குத் திருப்பி எடுப்போம் என்று போனைக் கையில் எடுத்தேன். வந்த அழைப்புகளின் பட்டியலைத் திறந்து, அந்த நம்பரில் நிறுத்தி, பச்சையை அமுக்கினேன். அப்போதுதான் உறைத்தது. இந்த வித்தையை எனக்குப் பழக்கியது யார்? போன தீபாவளிக்கு மகள் வாங்கித் தந்த போனை மூன்று வாரம் அலாரமாக மட்டும் வைத்திருந்த என்னை, டியூஷன் முடிந்த பிறகு உட்கார வைத்துப் பழக்கியவள் சுகந்தி. மூன்று நாள்… ஒரு முறைகூட அவள் முகம் சுளிக்கவில்லை.

“அம்மா, முன்ன பேசினது நான்தாங்க. அந்தப் புள்ள எழுதினது உண்மை. இப்ப உங்களுக்குத் திருப்பி எடுத்தேன் பாருங்க — இது கூட அவ சொல்லிக் குடுத்ததுதான்.”

“அப்ப ஏன் இல்லையெண்டு சொன்னீங்கள்?”

“வெக்கம்ங்க. நானும் லயத்து ஆளுதான்.”

“நீங்கள் வாத்தியாரெல்லோ?” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை சுகந்தியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்க வைத்துச் சமாளிக்கலாம் என்று ஒரு நகைச்சுவை தயாராக வைத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நீங்க திருத்துனது நல்லாத்தான் இருந்துச்சு சேர். ஆனா அதுல நான் இல்ல. கேள்வி கேட்டா என்னன்னு சொல்லுறது?”

“மன்னிச்சிக்கம்மா.”

“நீங்க எங்க லயத்துக்கு வந்திருக்கீங்க, ராசாத்தி அக்கா கையால டீ குடிச்சிருக்கீங்க. இல்லைன்னு எப்படி சேர் வாய் வந்துச்சு?”

தெரிந்த இங்கிலீஷ், தமிழ், கொஞ்சம் சிங்களம் — மூன்றிலும் பதில் தேடிப் பார்த்தேன்.

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அடுத்த திங்கள் முதல் கொழும்பு. எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள், நான்தான் சீ.வி. திருத்திக் கொடுத்தேன் என்று.

கிடைக்காமல் போயிருந்தால் இதை உங்களிடம் சொல்லியிருப்பேனா? மாட்டேன்… இந்த வாரப் பத்திரிகைப் பத்தியில் வேறு ஏதாவது ஜோக் எழுதியிருப்பேன்.