நாற்பத்தைந்துக்கு மேல் போகாத வண்டி

நெடுஞ்சாலையைத் தொடாமல், பெரிய சாலை எதிலும் ஏறாமல், ஊர் ஊராக நுழைந்து ரோன் ஆற்றைத் தாண்டி முஸ்தியே வரை போக ஒரு வழி அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டுதான் மரீஸ் விதலாங்க், தெற்கு பிரான்ஸின் லொதேவ் ஊர் நூலகத்துக்குள் வந்தார். கணினி தெரியாதவர்களுக்கு உதவ அங்கே போட்டிருந்த மேசையில் உட்கார்ந்திருந்தவன் இதை எழுதுகிறவன். திராட்சைத் தோட்டக் கூலிகளின் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். ஓய்வூதியமும் மருத்துவர் முன்பதிவும் தவிர அந்த மேசையில் அதுவரை யாரும் வேறெதுவும் கேட்டதில்லை.

“சைக்கிள்லயா போறீங்கம்மா?”

“சைக்கிள்ல போனா மானமாவது மிஞ்சும், தம்பி. தயிர் டப்பால போறோம்.”

உரிமம் பறிபோனவர்கள் ஓட்டும் இரண்டு இருக்கைக் குட்டிக் காருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. பின்னால் வருகிறவன் ஹாரனில் இருந்து கையை எடுக்க மாட்டான். அந்த வண்டி வாசலில் நின்றால், அந்த வீட்டில் யாரோ குடித்துவிட்டு ஓட்டி மாட்டிக்கொண்டார்கள் என்று ஊருக்கே தெரியும்.

அச்சு இயந்திரம் தாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஆமா, என்னை மாதிரி ஓட்டவே கத்துக்காதவங்களும் அதை ஓட்டலாமா?”

“எண்பத்தெட்டாம் வருஷத்துக்கு முன்னாடி பொறந்திருந்தா போதும்மா. சட்டம் வேற ஒண்ணும் கேக்காது.”

“சட்டம் கேக்காது” என்று சொல்லிவிட்டு, தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

மற்றதெல்லாம் பிறகு அவரே சொன்னது.

வையாக் கிராமத்தில் மரீஸ் பள்ளிக்கூடத்துச் சமையல்காரராக இருந்தவர். கணவர் ஃபுல்க்ரான் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். வாழ்நாள் முழுக்க அதே ஐந்து ஊர்களைச் சுற்றியவர். “நான் ஓய்வு பெற்ற முதல் வசந்தத்துல நீ எந்த ஊரைக் காட்டுறியோ அந்த ஊருக்கு வண்டிய விடுறேன்” என்று அவர் சொல்லி வைத்திருந்தார். மரீஸும் சமையலறைச் சுவரில் நாட்காட்டிப் படங்களை ஒட்டிக்கொண்டே வந்தார். பெஸெனாஸ், உஸெஸ், பாறை இடுக்கில் தொங்குகிற முஸ்தியே. ஓய்வு வந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே வேட்டைக்காரர்களின் காட்டுப்பன்றி விருந்து முடிந்து திரும்பும்போது போலீஸ்காரர்கள் ஊதச் சொன்னார்கள். ஃபுல்க்ரான் ஊதினார். உரிமம் போனது.

அன்றிலிருந்து அவர் ஊர்ச் சதுக்கத்தின் பக்கம் போகவில்லை. தன் கையால் ஏற்றி இறக்கிய பிள்ளைகளெல்லாம் இன்று காப்பிக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். அவர்கள் முகத்தில் விழிக்க அவரால் முடியாது. மைத்துனர் பாதி விலைக்குப் பிடித்துக் கொடுத்த தயிர் டப்பா, கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. மரீஸும் சதுக்கத்துக்குப் போவதை விட்டுவிட்டார். போனால் “எங்க உங்க வீட்டுக்காரரு?” என்பார்கள், என்ன சொல்வது? சந்து முனையில் ரொட்டி வண்டி ஹாரன் அடிக்கும். ஓடிப்போய் அந்த வெளியூர் வண்டியில் ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்புவார். அவ்வளவுதான் வெளியுலகம். லொதேவுக்குப் போகும் வியாழக்கிழமைப் பேருந்து மட்டும் இல்லாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டியிருக்கும்.

இரண்டு வசந்தங்கள் இப்படிப் போயின. மூன்றாவது வசந்தத்தில் அச்சடித்த தாள்களை மேசையில் பரப்பினார்.

“பெரிய ரோடே கிடையாது. ஒருநாளைக்கு ஒரு ஊரு. படுக்க அறைகூடச் சொல்லி வச்சாச்சு.”

“அந்தப் பொம்மை வண்டிலயா? ஊரே சிரிக்கும்.”

“ஊரு பாத்தாத்தானே சிரிக்கும். மே ஒண்ணாம் தேதி விடியக்காலைல கிளம்புவோம். லீவு நாளு, லாரி ஓடாது. ஊர்ல ஒருத்தனும் எந்திரிச்சிருக்க மாட்டான்.”

ஃபுல்க்ரான் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டுநர் கண் வழியிலேயே நின்றது. “இங்க வலது பக்கம் திரும்பணும், உன் கம்ப்யூட்டர்காரனுக்கு ஒண்ணும் தெரியல” என்றார். அது சம்மதம் என்று மரீஸுக்குத் தெரியும்.

வெங்காய ஆம்லெட்டை ரொட்டிக்குள் வைத்து இரண்டு பொட்டலம் கட்டினார். விடிந்தும் விடியாமலும் தார்ப்பாயை உரித்தார்கள். அவர்கள் சந்திலிருந்து வண்டி வெளியேற ஒரே வழி சதுக்கம். மூலை திரும்பியதும் ஃபுல்க்ரான் பிரேக்கை மிதித்தார்.

சதுக்கம் முழுக்க மேசைகள். எப்போதும் மே எட்டாம் தேதி நடக்கும் பரண் சாமான் சந்தையை அந்த வருடம் ஒன்றாம் தேதிக்கு மாற்றியிருந்தார்கள். சதுக்கத்து ரொட்டிக் கடைக் கதவில் ஒரு மாதமாக அறிவிப்பு ஒட்டியிருந்ததாம். ரொட்டிக் கடைக்குப் போயிருந்தால்தானே அது மரீஸ் கண்ணில் பட்டிருக்கும். வீட்டுக்கு வீடு பரணைக் காலி செய்து, பழைய விளக்கும் பீங்கானுமாகப் பரப்பி வைத்துக்கொண்டு மொத்தக் கிராமமும் விழித்திருந்தது. பின்னால் போகலாமென்றால், ஒரு வேன் வந்து குறுக்கே நின்று அலமாரி இறக்க ஆரம்பித்துவிட்டது.

பேச்சு மெல்ல அடங்கியது. எல்லாத் தலைகளும் அவர்கள் பக்கம் திரும்பின.

இறைச்சிக் கடை தியெரிதான் முதலில் வாயைத் திறந்தான். “டிரைவரய்யா, எல்லாரும் ஏறியாச்சான்னு எண்ணிப் பாத்தீங்களா?”

“எங்களை ஏத்திக்க மாட்டீங்களா? பின்சீட்டு எங்க போச்சு?” என்றான் இன்னொருவன்.

தபால்காரர் மனைவி ரெழீன் திறந்திருந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மே முதல் தேதி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் பூவில் ஒரு கொத்தை மரீஸ் மடியில் போட்டார். “இந்தச் சாமானையும் விக்கத்தான் கொண்டாந்தீங்களா மரீஸ்? என்ன விலை சொல்றீங்க?”

வஞ்சமில்லாத சிரிப்புதான். ஆனால் ஃபுல்க்ரான் காது மடல் சிவந்துவிட்டது.

“சிரிக்கட்டும். மெதுவா எடு” என்றார் மரீஸ்.

“நீதான யாரும் எந்திரிச்சிருக்க மாட்டாங்கன்ன.”

“தெரியாம சொல்லிட்டேன். எடு.”

அவர் எடுக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மரீஸ் மடியிலிருந்த பூவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கினால் மறுபடியும் அந்தச் சமையலறை, அந்தச் சுவர், அந்தப் படங்கள். இறங்காவிட்டால் எல்லாக் கண்ணும் தன்மேல்.

தியெரிக்குச் சங்கடமாகிவிட்டது. “அம்மா, வண்டிய நான் ஓரமா தள்ளிவிடட்டுமா?”

“வண்டிய விடு. உன் மேசையக் கொஞ்சம் தள்ளு.”

நகர்ந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். போக ஒரு மிதி, நிற்க ஒரு மிதி, முன்னும் பின்னும் போக ஒரு பிடி. அவ்வளவுதான் அந்த வண்டி. முதலில் அது பின்னால் போய் யாரோ ஒருவரின் பழைய தொட்டியைக் கவிழ்த்தது. அப்புறம் முன்னால் போனது. மேசைகள் ஒவ்வொன்றாக விலகின. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பெஸெனாஸ் போய்ச் சேர்ந்தபோது கைகள் மரத்திருந்தன. விடுமுறை என்பதால் கடைகள் அடைத்துக் கிடந்தன. நாட்காட்டியில் பார்த்த கல் முற்றத்தில் உட்கார்ந்து தன் பொட்டலத்தைத் தின்றார். இன்னொன்று பக்கத்திலேயே இருந்தது. வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார், எடுக்கவில்லை. இருவர் பெயரில் சொல்லி வைத்த விடுதி எதிரிலேயே இருந்தது. அழைப்பு மணிவரை கை போனது. நாளைக் காலை சந்து முனையில் ரொட்டி வண்டி ஹாரன் அடிக்கும். அந்த மனுஷன் பட்டினி கிடந்தாலும் கிடப்பாரே தவிர, சந்து முனைவரை நடந்து போகமாட்டார். மரீஸ் மணியை அழுத்தவில்லை. வண்டியைத் திருப்பினார்.

ஃபுல்க்ரான் சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

“பெஸெனாஸ்ல வண்டி நிறுத்த இடம் கிடைச்சுதா?”

“எல்லா இடமும் காலியாத்தான் கிடந்துச்சு.”

“கியர் எதுவும் உடைக்கலையே?”

“அதுல கியரே இல்லை, ஃபுல்க்ரான்.”

இரண்டாவது பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தார். அவர் சாப்பிட்டார்.

மரீஸ் இன்னும் வையாக்கில்தான் இருக்கிறார். வசந்தம் வந்தால், காலை ரொட்டியை வாங்கி மேசையில் வைத்துவிட்டுத் தயிர் டப்பாவில் தனியாகக் கிளம்புகிறார். இரவுச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால், போய்வரக்கூடிய ஊர்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டார். ரோன் ஆற்றை இதுவரை தாண்டியதில்லை. ஃபுல்க்ரானுக்கு உரிமம் திரும்பக் கிடைத்துவிட்டது. அவர் இன்னமும் சதுக்கத்துக்குப் போவதில்லை.